தாமதம் தெரிகிறது, காரணம் தெரிகிறதா?

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று மின்கம்பிகள் கொண்ட தனிவகை பேஸ்மேக்கர் பொருத்தப்படுகிறது. சில லட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை இது. பொருத்திக்கொண்டவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மூச்சிரைப்பு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது, பெருத்துப்போன இதயம் மெல்லச் சிறுக்கிறது. எஞ்சிய ஒரு பங்கினருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் வருவதில்லை. யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாதா? எக்கோவும் எம்ஆர்ஐ ஸ்கேனும் இருக்கும் காலத்தில், இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடாதா? இந்தக் கேள்விக்கு விடை தேடி இதயவியல் துறை இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறது. விடை பாதி கிடைத்திருக்கிறது. அந்தப் பாதியைப் புரிந்துகொள்ள, சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத்தின் கீழறைகள் சுருங்குவதற்கான மின் கட்டளை மேலிருந்து வருகிறது. வலது மேலறையில் பிறக்கும் துடிப்பு, நடுவில் உள்ள ஒரு முடிச்சில் சற்றுத் தாமதித்து, அங்கிருந்து ஒரு கற்றையாக இறங்கி, வலது கிளை, இடது கிளை என இரண்டாகப் பிரிகிறது. இந்தக் கிளைகள் வேகமான பாதைகள். இவற்றின் வழியே போனால் துடிப்பு இரண்டு கீழறைகளின் தசை முழுவதையும் 100 மில்லி விநாடிக்குள் எட்டிவிடும். ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈசிஜி தாளில் உயர்ந்து நிற்கும் கூர்முனைக்குக் கியூஆர்எஸ் என்று பெயர். அதன் அகலம், கீழறைகள் முழுவதும் மின்துடிப்பு பரவ எடுத்துக்கொண்ட நேரத்தைக் காட்டுகிறது. 120 மில்லி விநாடிக்கு மேல் போனால், பாதையில் எங்கோ கோளாறு என்று பொருள்.

இடது கிளை அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடிப்பு வலது கிளை வழியே மட்டும் இறங்குகிறது. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே உள்ள இடைச்சுவருக்கு அது முதலில் போய்ச் சேர்கிறது. எதிரே இருக்கும் இடது கீழறையின் பக்கச்சுவருக்கு வேகப் பாதை இல்லை. செல்லுக்குச் செல் தாவித்தான் துடிப்பு அங்கே போக வேண்டும். இடைச்சுவர் சுருங்கத் தொடங்கும்போது பக்கச்சுவர் தளர்ந்து கிடக்கிறது. அறைக்குள் அழுத்தம் இன்னும் ஏறவில்லை, இரத்தம் வெளியேறும் வால்வும் திறக்கவில்லை. ஆகவே இடைச்சுவரின் உழைப்பு, எதிர்ச்சுவரை இழுத்து நீட்டுவதில் கரைகிறது. பிறகு பக்கச்சுவருக்கு முறை வரும்போது, இடைச்சுவர் சோர்ந்து மறுபக்கம் தள்ளப்படுகிறது. நனைந்த போர்வையை இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கும்போது ஒருவர் முந்திக்கொண்டால் கை வலிக்கும், தண்ணீர் வடியாது. அதே கதைதான் இங்கும்.

இந்தப் பிசகைச் சரிசெய்வதே இதய மறு ஒத்திசைவுச் சிகிச்சை. மருத்துவர்கள் சுருக்கமாக சிஆர்டி என்பார்கள். லீட் எனப்படும் மெல்லிய மின்கம்பி ஒன்று வலது மேலறையிலும், இன்னொன்று வலது கீழறையிலும் வைக்கப்படும். மூன்றாவது லீட், இதயத்தின் சொந்தச் சிரைகளுக்குள் புகுந்து, இடது கீழறையின் வெளிப்பரப்பில் பக்கச்சுவரை ஒட்டிப் போய் அமரும். கருவி இரண்டு பக்கத்தையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தூண்டும். பாரிஸில் செர்ஜ் கசோவும் உடனிருந்தவர்களும் 1994-இல் இந்த முறையில் சிகிச்சை பெற்ற ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சிரை வழியாகவே இடது லீட்டைக் கொண்டு செல்லும் உத்தியை ரென் நகரில் டோபெர் குழுவினர் 1998-இல் விவரித்தார்கள். அதற்கு முன் மார்பைத் திறக்க வேண்டியிருந்தது.

சிகிச்சை வேலை செய்கிறதா என்பதில் இன்று ஐயமில்லை. 2005-இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேர் இருந்தனர். மருந்து மட்டும் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரும், மருந்தோடு சிஆர்டியும் பெற்றவர்களில் 20 விழுக்காட்டினரும் ஆய்வுக் காலத்தில் இறந்தனர். இதயவியலில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை எளிதில் பார்க்க முடியாது.

இத்தகைய ஆய்வுகளுக்கு ஆட்களை எடுத்தது பெரும்பாலும் ஈசிஜியை வைத்துத்தான். கியூஆர்எஸ் அகலமாக இருக்க வேண்டும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு, அதாவது வெளியேற்ற விகிதம், 35 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். ஆனால் ஈசிஜி காட்டுவது மின்சாரத்தை. சிகிச்சை திருத்துவது அசைவை. அப்படியானால் அசைவை நேரடியாகப் பார்த்து அளந்தால் இன்னும் துல்லியமாகத் தேர்வு செய்யலாமே என்று தோன்றுவது இயல்பு. கேர்-எச்எஃப் ஆய்விலேயே, கியூஆர்எஸ் 120-க்கும் 149-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு எக்கோவிலும் ஒத்திசைவின்மைக்கான அடையாளங்கள் தெரிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது.

எக்கோ என்பது ஒலியலைகளைக் கொண்டு இதயத்தை அசையும்போதே படம் பிடிக்கும் முறை. அதில் ஒரு வகை, சுவரின் ஒவ்வொரு பகுதியும் எந்த வேகத்தில் நகர்கிறது என்பதை அளக்கும். இதற்குத் திசு டாப்ளர் என்று பெயர். மின்துடிப்பு தொடங்கிய கணத்திலிருந்து, ஒவ்வொரு பகுதியும் தன் உச்ச வேகத்தை எட்ட எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 65 மில்லி விநாடி வித்தியாசம் இருந்தால் பலன் கிடைக்கும் என்றது நெதர்லாந்தின் லைடன் குழு. பன்னிரண்டு பகுதிகளின் நேரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணக்கிட்டு, சுமார் 33 மில்லி விநாடியை எல்லையாக வைத்தது ஹாங்காங் குழு. தத்தம் மருத்துவமனையில் இரண்டு அளவுகோல்களும் நன்றாகவே வேலை செய்தன. 2000-களின் நடுவில் இப்படிப் பல அளவுகோல்கள் வந்து குவிந்தன.

எல்லாவற்றையும் ஒரே களத்தில் நிறுத்திச் சோதித்தது ப்ராஸ்பெக்ட் ஆய்வு. ஐரோப்பா, அமெரிக்கா, ஹாங்காங் ஆகிய இடங்களின் 53 மையங்கள். 498 நோயாளிகள். 12 எக்கோ அளவுகோல்கள். 2008-இல் முடிவு வந்தது, ஏமாற்றமும் கூடவே வந்தது. பலன் பெற்றவர்களை அடையாளம் காணும் திறன் அளவுகோலுக்கு அளவுகோல் 6 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடு வரை மாறியது. ஓர் அளவுகோல் இரு பிரிவினரை எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்ல ஓர் எண் உண்டு. அதைப் பிரித்தறியும் எண் என்போம். 0.5 என்றால் குருட்டாம்போக்கு, 1 என்றால் முழுத் துல்லியம். ப்ராஸ்பெக்ட்டில் எந்த அளவுகோலும் 0.62-ஐத் தாண்டவில்லை. அதைவிடக் கவலை தந்தது இன்னொரு விவரம். ஒரே படத்தை வெவ்வேறு ஆட்கள் அளந்தபோது, சில அளவுகளில் அவர்களுக்குள் இருந்த வேறுபாடு 72 விழுக்காடு வரை போனது. அளப்பவர் மாறினால் விடையும் மாறும் என்றால் அதை வைத்து முடிவெடுப்பது எப்படி? ஆய்வு சரியாக நடத்தப்படவில்லை என்றும் சிலர் வாதிட்டார்கள். அதில் நியாயமும் இருந்தது. சேர்க்கப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வெளியேற்ற விகிதம் 35-க்கு மேல் இருந்தது, மைய ஆய்வகம் மறுபடி அளந்தபோதுதான் தெரிந்தது.

விவாதத்தை முடித்துவைத்தது அடுத்த சோதனை. எக்கோவில் தெரியும் தாமதம்தான் முக்கியம் என்றால், ஈசிஜியில் கியூஆர்எஸ் குறுகலாக இருந்தாலும், எக்கோவில் தாமதம் தெரிந்தால் சிஆர்டி பலனளிக்க வேண்டும். எக்கோ-சிஆர்டி ஆய்வு இதைத்தான் சோதித்தது. கியூஆர்எஸ் 130 மில்லி விநாடிக்குக் கீழே இருந்த, ஆனால் எக்கோவில் ஒத்திசைவின்மை காட்டிய 809 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. பாதிப் பேருக்கு ஒத்திசைவு இயக்கம் போடப்பட்டது, மீதிப் பேருக்குப் போடப்படவில்லை. பலன் வர வாய்ப்பில்லை என்று 2013-இல் ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. இயக்கம் போடப்பட்டவர்களில் 45 பேரும், போடப்படாதவர்களில் 26 பேரும் இறந்திருந்தனர். உதவாமல் போனதோடு தீங்கும் செய்திருக்கலாம் என்பதே இதன் பொருள். மின்பாதை நன்றாக இருக்கும் இதயத்தில் லீட்டால் தூண்டினால், துடிப்பு வேகப் பாதையை விட்டுத் தசை வழியே மெதுவாகப் பரவுகிறது. இல்லாத பிசகை நாமே உண்டாக்குகிறோம்.

எக்கோ பொய் சொல்லவில்லை. சுவர் தாமதமாக அசைந்தது உண்மைதான். ஏன் தாமதம் என்பதைத்தான் அந்த அளவுகோல்களால் சொல்ல முடியவில்லை.

ஒரு சுவர் தாமதிக்கக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. மின் கட்டளை தாமதமாக வந்து சேர்ந்திருக்கலாம். அல்லது கட்டளை சரியான நேரத்தில் வந்தும், பழைய மாரடைப்பில் தழும்பாகிப்போன தசை மந்தமாக அசையலாம். முதலாவதை லீட் சரிசெய்யும். இரண்டாவதை எந்த லீட்டாலும் சரிசெய்ய முடியாது. திசு டாப்ளர் வேகத்தை அளக்கும் கருவி என்பதால், தானாகச் சுருங்கும் தசையையும் பக்கத்துத் தசையால் இழுபடும் தழும்பையும் அது பிரித்தறியாது. இரண்டும் நகர்கின்றன, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தினர் கணினியில் ஒரு மாதிரி இதயத்தை இயக்கி இதைத் தெளிவாக்கினார்கள். மின்கோளாறு எதுவுமின்றித் தசையின் வலிமையை மட்டும் மாற்றியபோதும், பல அளவுகோல்கள் ஒத்திசைவின்மை என்றே காட்டின.

இதற்குப் பிறகு கேள்வி மாறியது. எவ்வளவு தாமதம் என்று கேட்டவர்கள், என்ன வகையான அசைவு என்று கேட்கத் தொடங்கினார்கள். இடது கிளை அடைப்பு உள்ள இதயத்துக்கென்று ஒரு தனி நடை உண்டு. துடிப்பின் தொடக்கத்திலேயே, வால்வு திறப்பதற்கு முன், இடைச்சுவர் சட்டென்று உள்நோக்கி ஒருமுறை வெட்டிவிட்டு மீள்கிறது. பயின்ற கண்ணுக்கு இது எக்கோ திரையிலேயே தெரியும். இடைச்சுவர்த் துள்ளல் என்று இதைச் சொல்லலாம். அதோடு இதயத்தின் நுனி முதலில் இடைச்சுவர்ப் பக்கமும் பிறகு பக்கச்சுவர்ப் பக்கமும் ஆடுகிறது. நாம் மேலே பார்த்த அந்த வீண் இழுபறியின் வெளித்தோற்றமே இவை இரண்டும். தழும்பு மட்டுமே உள்ள இதயத்தில் இந்த முறை அமைவதில்லை. 1,060 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இந்த அடையாளங்கள் இருந்து, சிஆர்டிக்குப் பிறகு அவை மறைந்தவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள்.

கண்ணால் பார்த்துச் சொல்வதை எண்ணாக மாற்றும் முயற்சியும் நடந்தது. எக்கோ படத்தில் இதயத் தசை புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிகளைச் சட்டகத்துக்குச் சட்டகம் கணினி பின்தொடர்ந்தால், ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே இழுபடுவதும் சுருங்குவதும் தனித்தனியாகப் பிரிகின்றன. நார்வேயின் ஆஸ்லோ குழு இன்னொரு படி மேலே போனது. கையில் அளக்கும் இரத்த அழுத்தத்தைக் கொண்டு அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை மதிப்பிட்டு, அதைச் சுருக்கத்தோடு சேர்த்து, ஒவ்வொரு சுவரும் செய்யும் வேலையை அவர்கள் கணக்கிட்டார்கள். இடது கிளை அடைப்பில் பக்கச்சுவர் அளவுக்கு மீறி உழைக்கிறது. இடைச்சுவரின் உழைப்பு ஏறக்குறைய வீணாகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்து, இடைச்சுவரில் தழும்பு இல்லாமலும் இருந்தால், திருத்துவதற்கு அங்கே ஏதோ இருக்கிறது. ஆஸ்லோ குழு பிற மையங்களோடு சேர்ந்து 2020-இல் 200 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், வேலை இடைவெளியின் பிரித்தறியும் எண் 0.77 ஆக இருந்தது. எம்ஆர்ஐ காட்டும் இடைச்சுவரின் உயிர்த்திறனையும் சேர்த்தபோது அது 0.88-ஐ எட்டியது. ப்ராஸ்பெக்ட்டின் 0.62-ஓடு ஒப்பிட்டால் இது பெரிய தாவல். ஆனால் 200 பேரிடம் கண்டது அது. ப்ராஸ்பெக்ட்டுக்கு முந்திய சிறிய ஆய்வுகளும் நல்ல எண்களையே காட்டின என்பதை மறந்துவிடக் கூடாது.

தழும்பைப் பார்க்க எம்ஆர்ஐதான் தெளிவான வழி. கடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியே செலுத்திவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால், நல்ல தசையிலிருந்து அது வெளியேறிவிடும், தழும்பில் தங்கிவிடும். படத்தில் தழும்பு வெள்ளையாக ஒளிரும். இடது லீட் பெரும்பாலும் அமர்வது பக்கச்சுவரின் பின்பகுதியில். அங்கே தழும்பு இருந்தால்? லைடனில் 40 பேரிடம் 2006-இல் பார்த்தார்கள். அந்த இடத்தில் தழும்பு இல்லாதவர்களில் 81 விழுக்காட்டினர் பலன் பெற்றார்கள். தழும்பு இருந்தவர்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே. சிறிய ஆய்வுதான், ஆனால் காரணம் விளங்குகிறது. தழும்பைத் தூண்டினால் துடிப்பு அங்கிருந்து கிளம்பவே திணறும்.

இதிலிருந்து படத்துக்கு இன்னொரு பயன் பிறக்கிறது. யாருக்குப் பொருத்துவது என்பதோடு, எங்கே பொருத்துவது என்றும் அது சொல்லலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் நடந்த டார்கெட் ஆய்வில் 220 பேர் இருந்தனர். பாதிப் பேருக்கு, கடைசியாகச் சுருங்குவதும் தழும்பில்லாததுமான இடம் எது என்று எக்கோவில் முன்னரே கண்டு, லீட்டை அங்கே கொண்டுபோக முயன்றார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான முறை. ஆறு மாதத்தில், முதல் பிரிவில் 70 விழுக்காட்டினருக்கும் இரண்டாவதில் 55 விழுக்காட்டினருக்கும் இதயம் குறிப்பிடத்தக்க அளவு சிறுத்தது. நடைமுறையில் ஒரு தடை உண்டு. லீட் சிரை போகும் வழியில்தான் போக முடியும். சரியான இடம் எதுவென்று தெரிந்தாலும் அங்கே சிரை இல்லாமல் போகலாம். சிரை இருந்தாலும், அருகில் ஓடும் நரம்பும் சேர்ந்து தூண்டப்பட்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் உதரவிதானம் துள்ளலாம்.

இதுவரை பலன் என்ற சொல்லை எளிதாகப் பயன்படுத்தி வந்தோம். உண்மையில் சிக்கலின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. சுருங்கி முடித்த பிறகும் இடது கீழறையில் எஞ்சி நிற்கும் இரத்தத்தின் அளவு 15 விழுக்காடு குறைந்தால் பலன் என்பது ஒரு கணக்கு. ஆறு நிமிட நடைத் தூரம் கூடினால் பலன் என்பது இன்னொன்று. மருத்துவமனையில் சேராமல் இருந்தால் பலன் என்பது வேறொன்று. 2010-இல் சிலர், அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுகளிலிருந்து 15 வரையறைகளை எடுத்து, ப்ராஸ்பெக்ட்டின் 426 நோயாளிகள் மீது பொருத்திப் பார்த்தார்கள். குறைந்தது ஒரு வரையறையின்படியாவது பலன் பெற்றவர்கள் 99 விழுக்காடு. குறைந்தது ஒன்றின்படியாவது பலன் பெறாதவர்கள் 94 விழுக்காடு. அதாவது ஏறக்குறைய எல்லோரும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். இலக்கே நகர்ந்துகொண்டிருக்கும்போது குறி தவறியதற்கு எக்கோவை மட்டும் குறை சொல்வது சரியல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள் கணக்கைக் குழப்புகின்றன. மிராக்கிள் என்ற 2002 ஆய்வில் 453 பேருக்குக் கருவி பொருத்தி, பாதிப் பேருக்கு மட்டும் ஒத்திசைவு இயக்கத்தைப் போட்டார்கள். போட்டவர்களில் 67 விழுக்காட்டினர் தேறினார்கள். போடாதவர்களிலும் 39 விழுக்காட்டினர் தேறினார்கள். ஆக, தேறிய எல்லோரும் கருவியால் தேறவில்லை. மறுபக்கம், ஆறு மாதம் கழித்தும் அதே நிலையில் இருப்பவரைப் பலன் பெறாதவர் என்று எழுதிவிடுகிறோம். கருவி இல்லாவிட்டால் அவர் இன்னும் மோசமாகியிருப்பாரா என்பதை எந்தப் படமும் காட்டாது. நாள்பட்டு மோசமாகிக்கொண்டே போகும் நோயில், மோசமாகாமல் நிற்பதும் ஒரு பலன்தான்.

சிகிச்சையும் அப்படியே நிற்கவில்லை. சீனாவின் வென்ஜோவில் 2017-இல் விவரிக்கப்பட்ட முறை ஒன்றில், லீட்டை இடைச்சுவருக்குள் திருகி, இடது கிளையின் அருகிலேயே தூண்டுகிறார்கள். அடைப்பைத் தாண்டிய இடத்தில் வேகப் பாதையையே பிடித்துவிடும் உத்தி இது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்தும் இந்த முறை குறித்துத் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. இங்கே பக்கச்சுவர்த் தழும்பைவிட இடைச்சுவர்த் தழும்புதான் முதல் கேள்வி. லீட் அதற்குள் இறங்க வேண்டுமே. படத்தில் பார்க்க வேண்டிய இடம் சிகிச்சைக்கு ஏற்ப மாறுகிறது.

இத்தனைக்கும் பிறகு, இன்றைய வழிகாட்டுதல்கள் தேர்வின் மையத்தில் வைத்திருப்பது ஈசிஜியைத்தான். இடது கிளை அடைப்பு, 150 மில்லி விநாடி அல்லது அதற்கு மேற்பட்ட கியூஆர்எஸ், 35-ஐத் தாண்டாத வெளியேற்ற விகிதம், இயல்பான இதயத் தாளம், உரிய மருந்துகளுக்குப் பிறகும் நீங்காத அறிகுறிகள்: இவை இருந்தால் சிஆர்டிக்கான பரிந்துரை மிக உறுதியானது. எக்கோவில் வெளியேற்ற விகிதம் பார்ப்பார்கள், ஒத்திசைவின்மையை அளந்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. இது சரியான நிலைப்பாடு என்றே தோன்றுகிறது. தெளிவான ஈசிஜி உள்ள ஒருவருக்கு, எக்கோவில் துள்ளல் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, உயிர்காக்கும் என்று நிறுவப்பட்ட சிகிச்சையை மறுக்க நம்மிடம் போதுமான சான்று இல்லை. படம் கூடுதலாக உதவக்கூடியது நடுவில் நிற்பவர்களுக்கு: கியூஆர்எஸ் 130-க்கும் 150-க்கும் இடையில் இருப்பவர், அடைப்பின் வடிவம் தெளிவில்லாதவர், பழைய மாரடைப்பு உள்ளவர்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்தக் கருவி பரிந்துரைக்கப்பட்டால் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கியூஆர்எஸ் எத்தனை மில்லி விநாடி, அடைப்பு இடது கிளையிலா, லீட் வைக்கும் இடத்தில் தழும்பு இருக்கிறதா. பேஸ்மேக்கர் தேவைப்படும் வேறு காரணம் இல்லாதவருக்கு, கியூஆர்எஸ் 130-க்குக் குறைவாக இருந்தால் எக்கோ என்ன காட்டினாலும் சிஆர்டி பொருத்தக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருக்கிறது.